புகை யார் கணக்கில்?

ஒரு டன் நிலக்கரியை எரித்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயு வெளியேறும். முதல்முறை கேட்பவர்கள், "போட்டதைவிட வருவது எப்படி அதிகமாகும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். நிலக்கரியில் பெரும்பகுதி கார்பன். அது எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்று வைத்தால் அந்த இரண்டு ஆக்சிஜனின் எடை 32. கூட்டினால் 44. ஆக, 12 கிலோ கார்பன் 44 கிலோ வாயுவாகிப் பறக்கிறது. நிலக்கரியில் கலந்திருக்கும் சாம்பல், ஈரம் இவற்றைக் கழித்துப் பார்த்தால் டன்னுக்கு இரண்டரை டன் என்ற அளவில் வந்து நிற்கும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் தோண்டிய நிலக்கரி கப்பலேறி ஜப்பானுக்கோ இந்தியாவுக்கோ போய் எரிகிறது. அந்தப் புகைக்கு யார் பொறுப்பு? தோண்டிய நிறுவனமா, தோண்ட அனுமதி கொடுத்த அரசா, வாங்கி எரித்தவரா? ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. உலகில் மிக அதிகமாக நிலக்கரி ஏற்றுமதி செய்யும் நாடுகளில் அது ஒன்று. ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் போகிறது. இதற்காக அரசையும் நிறுவனங்களையும் நீதிமன்றத்துக்கு இழுப்பதும் அங்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடக்கிறது. தோற்ற வழக்குகளும் ஜெயித்த வழக்குகளும் வேண்டிய மட்டும் இருப்பதால், பொறுப்புக் கேட்பது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் புகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு விறகுக் கடையை நினைத்துக்கொள்வோம். கடைக்காரர் பின்கட்டில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார், அவருடைய லாரியும் புகை விடுகிறது. இது அவர் நேரடியாக விடும் புகை. கடையில் மரம் அறுக்கும் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரத்துக்காக எங்கோ ஒரு மின்நிலையத்தில் புகை போகிறது. இது இரண்டாவது. அவரிடம் விறகு வாங்கிப் போனவர்களின் வீட்டு அடுப்புகளில் கிளம்புவது மூன்றாவது. நிபுணர்கள் இவற்றை ஸ்கோப் 1, ஸ்கோப் 2, ஸ்கோப் 3 என்பார்கள். சுரங்கத்தில் முதல் வகை என்றால் மண் வாரும் இயந்திரங்கள் குடிக்கும் டீசலும், நிலக்கரி அடுக்குகளுக்குள் அடைபட்டிருந்து தோண்டும்போது கசியும் மீத்தேனும். மூன்றாம் வகை, விற்ற நிலக்கரி முழுவதும் எரிந்து வரும் வாயு. விறகுக் கடைக்காரரின் பின்கட்டு அடுப்பை மட்டும் அளந்துவிட்டு "இந்தக் கடையால் புகையே இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் நாம் சிரிப்போம். பல ஆண்டுகளாகச் சுரங்க அனுமதிக் கோப்புகள் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன.

அப்படி இருந்ததற்கு ஒரு காரணம், நாடுகளுக்கிடையிலான கணக்கு முறை. 1992-இல் வந்த ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் கீழ் ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் வெளியான வாயுவைத்தான் தன் கணக்கில் எழுத வேண்டும். ஜப்பானில் எரிந்த நிலக்கரி ஜப்பானின் கணக்கு. முறையில் பிழை இல்லை. விற்றவரும் எரித்தவரும் ஒரே புகையை எழுதினால் உலகக் கணக்கு இரட்டிப்பாகிவிடும். கணக்குப்பிள்ளை வேலைக்கு இது சரியான விதிதான்.

ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஆஸ்திரேலியா தன் எல்லைக்குள் ஓராண்டில் விடும் எல்லா வாயுவையும் சேர்த்தால் சுமார் 45 கோடி டன். ஏற்றுமதியாகும் நிலக்கரியைக் குறைவாக 30 கோடி டன் என்றே வைத்து இரண்டரையால் பெருக்கினால் 75 கோடி டன் வருகிறது. நாட்டின் கார், ஆலை, மின்நிலையம், மாட்டுப்பண்ணை எல்லாவற்றையும்விடக் கப்பலில் போகும் நிலக்கரியின் புகை பெரியது. அது அந்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட வராது.

யார் புத்தகத்தில் எழுதுவது என்பது ஒரு கேள்வி. அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. முதலாவதன் பதிலை இரண்டாவதற்கும் சேர்த்து ஒப்பிப்பதுதான் அரசுகளின் வழக்கமாக இருந்தது. இதை முதலில் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் ஒரு மாணவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹன்டர் பள்ளத்தாக்கில் ஆன்வில் ஹில் என்ற சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையில், விற்ற நிலக்கரி எரிவதால் வரும் வாயு கணக்கிடப்படவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். 2006 நவம்பரில் நீதிபதி நிக்கோலா பெய்ன் அந்த வாதத்தை ஏற்றார்: அந்தப் புகையையும் மதிப்பிட்டிருக்க வேண்டும் என்றார்.

அடுத்த ஆண்டே அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இதைக் கேட்டதும் சோர்ந்துபோக வேண்டாம். இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றில் நீதிமன்றம் "தோண்டாதே" என்று சொல்வதில்லை. "இதையும் பார்த்துவிட்டு முடிவெடு" என்றுதான் சொல்கிறது. தலைப்புச் செய்திகளில் இந்த வித்தியாசம் தொலைந்துபோகும். பார்க்கச் சொன்னவுடன் முடிவு மாறிவிடாது. பார்க்காத மாதிரி நடிப்பது மட்டும் கொஞ்சம் கடினமாகும்.

அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் நிறுவனங்களும் அமைச்சர்களும் ஒரே குரலில் ஒரு பதில் சொன்னார்கள். நம்மில் பலரும் டீக்கடையில் சொல்வதுதான் அது: "நாம் தோண்டாவிட்டால் இன்னொருவன் தோண்டப்போகிறான். எரிக்கிறவன் எப்படியும் எரிப்பான். நாம் நிறுத்துவதால் வானத்துக்கு என்ன லாபம்?" விறகுக் கடைக்காரர் பக்கத்துக் கடையைக் கைகாட்டுவது போல. கேட்கும்போது மறுக்கவே முடியாதது போலத் தோன்றும். அதனால்தான் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இந்த வாதம் ஜெயித்த வழக்கு நமக்குப் பரிச்சயமான பெயரைக் கொண்டது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கலிலீ படுகையில் அதானி நிறுவனத்தின் கார்மைக்கேல் சுரங்கம். 2015 டிசம்பரில் குவீன்ஸ்லாந்து நில நீதிமன்றம், இந்தச் சுரங்கம் வராவிட்டாலும் வேறு இடத்து நிலக்கரி அதே அளவுக்கு எரிக்கப்படும் என்ற தரப்பை ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை மத்திய அமைச்சரின் அனுமதியை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றம் போனது. அமைச்சரின் முடிவில் சட்டப்படி தவறில்லை என்று 2016-இல் அங்கேயும் தோற்றது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதே கதை. 2021 டிசம்பர் கடைசியில் அந்தச் சுரங்கத்தின் முதல் ஏற்றுமதி நிலக்கரி துறைமுகத்தில் தயாராக இருந்தது.

சரி, வாதத்தைப் பிரித்துப் பார்ப்போம். "நாம் தோண்டாவிட்டால் அதே அளவு வேறிடத்திலிருந்து வரும்" என்பது உண்மையாக வேண்டுமானால், சந்தையிலிருந்து பல கோடி டன் நிலக்கரி காணாமல் போனாலும் விலை ஒரு பைசாகூட ஏறக்கூடாது. வெங்காய வரத்து குறைந்தால் கோயம்பேட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த யாருக்கும் இது இடிக்கும். வரத்து குறைந்தால் விலை கொஞ்சம் ஏறும். ஏறினால் வாங்குகிறவர்களில் சிலர் குறைத்துக்கொள்வார்கள், சிலர் சூரிய மின்சாரமோ காற்றாலையோ கட்டுப்படியாகிறதா என்று பார்ப்பார்கள். மீதியை வேறு சுரங்கம் நிரப்பும். எவ்வளவு நிரம்பும் என்பது சந்தையையும் காலத்தையும் பொறுத்தது. முழுவதும் நிரம்பிவிடும் என்பது ஓர் ஓரம். ஒரு டன்கூட நிரம்பாது, அத்தனை புகையும் மிச்சம் என்பது மறு ஓரம். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சிலர் இந்த இரண்டாவது ஓரத்தில் நின்று பேசுவதுண்டு, அதுவும் சரியில்லை. உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது. "வித்தியாசம் பூஜ்யம்" என்று சொல்கிறவர்தான் அந்தப் பூஜ்யத்தை நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே வாக்கியத்தை இந்தோனேசியச் சுரங்கக்காரரும் சொல்லலாம், தென்னாப்பிரிக்கரும் சொல்லலாம். ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டினால் உலகத்தில் எந்தச் சுரங்கமும் எந்தப் புகைக்கும் காரணமில்லை என்று முடியும். புகை மட்டும் இருக்கும்.

மூன்றாவதாக ஒரு வேடிக்கை. அனுமதி விண்ணப்பத்தில் இரண்டு பத்திகள் இருக்கும்: நன்மை, தீமை. உலகுக்கு இத்தனை டன் எஃகு, இத்தனை மின்சாரம் என்று நன்மைப் பத்தியில் முழுதாக எழுதுவார்கள். தீமைப் பத்தி வந்ததும், "இது எப்படியும் வேறு நிலக்கரியால் நடக்கப்போவதுதான்" என்று கழித்துவிடுவார்கள். எப்படியும் நடக்கப்போவது என்றால் அந்த எஃகும் மின்சாரமும்கூட எப்படியும் கிடைக்கப்போவதுதானே? உள்ளூர் வேலைவாய்ப்பும் அரசுக்கு வரும் ராயல்டியும் மட்டும்தான் உண்மையில் இந்தச் சுரங்கத்துக்கே உரிய நன்மைகள். அவை பெரியவைதான். அவற்றைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்த முடிச்சு நீதிமன்றத்தில் தெளிவாக அவிழ்ந்தது 2019 பிப்ரவரி 8-இல். சிட்னிக்கு வடக்கே குளோஸ்டர் என்ற சிற்றூர், குன்றுகள் சூழ்ந்த பச்சைப் பள்ளத்தாக்கு. அதன் அருகில் ராக்கி ஹில் என்ற திறந்தவெளிச் சுரங்கம் தோண்ட ஒரு நிறுவனம் கேட்டது. 16 ஆண்டுகளில் 2 கோடியே 10 லட்சம் டன், எஃகு ஆலைக்குப் போகும் வகை நிலக்கரி. அரசுத் தரப்பு அனுமதி மறுத்தது. நிறுவனம் நில, சுற்றுச்சூழல் நீதிமன்றத்துக்குப் போனது. ஊர்க்காரர்களின் குழு ஒன்று தானும் வழக்கில் சேர்ந்து, காலநிலைக் கேள்வியை உள்ளே கொண்டுவந்தது. சுரங்கம் நேரடியாகவும் மின்சாரம் மூலமாகவும் விடப்போவது சுமார் 18 லட்சம் டன். விற்ற நிலக்கரி எரிவதால் வருவது குறைந்தது 3 கோடியே 60 லட்சம் டன். இருபது மடங்கு.

தலைமை நீதிபதி பிரையன் பிரெஸ்டன் சுரங்கத்தை மறுத்தார். காலநிலை மட்டுமே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளத்தாக்கின் தோற்றம், ஊர்மக்களின் வாழ்க்கை ஆகியவையும் தீர்ப்பில் பெரும் இடம் பிடித்தன. ஆனால் "வேறொருவர் தோண்டுவார்" என்பதற்கு அவர் தந்த பதில்தான் நமக்கு முக்கியம். இந்தியாவிலோ இந்தோனேசியாவிலோ புதிய சுரங்கம் வந்து இந்த இடத்தை நிரப்பும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை என்றார். அப்படி ஒன்று வரலாம் என்பதற்காக, ஏற்கத்தகாத ஒன்று ஏற்கத்தக்கதாகிவிடாது என்றும் சொன்னார். நிரூபிக்கும் சுமை அதைச் சொன்னவர் தோளுக்கே திரும்பிவிட்டது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

பிறகு அதே கலிலீ படுகை, அதே குவீன்ஸ்லாந்து நில நீதிமன்றம். இம்முறை கிளைவ் பால்மர் என்ற கோடீஸ்வரரின் வாராட்டா நிறுவனம். எதிர்த்து நின்றவர்கள் ஓர் இளைஞர் அமைப்பும், சுரங்கம் விழுங்கவிருந்த பிம்பிள்பாக்ஸ் இயற்கைச் சரணாலயத்தின் ஆதரவாளர்களும். நீதிபதி ஃப்ளூர் கிங்கம் நீதிமன்ற அறைக்குள்ளேயே இருந்துவிடவில்லை. டோரஸ் நீரிணைத் தீவுகள் வரை போய், கடல் ஏறிவரும் கரையில் பூர்வகுடி மக்களின் சாட்சியத்தை அவர்கள் மண்ணிலேயே கேட்டார். எரியப்போகும் நிலக்கரியின் வாயு 158 கோடி டன் என்பது கணக்கு. 2022 நவம்பர் 25-இல், அனுமதி தர வேண்டாம் என்று பரிந்துரைத்தார். நிலக்கரி எங்கே எரிந்தாலும் பாதிப்பு குவீன்ஸ்லாந்துக்கும் வரும், அது அந்த மாநிலத்தின் 2019 மனித உரிமைச் சட்டம் காக்கும் உரிமைகளைத் தொடுகிறது என்பது அவர் வழி. 2015-இல் எடுபட்ட "வேறொருவர்" வாதம் ஏழே ஆண்டுகளில் அதே நீதிமன்றத்தில் எடுபடாமல் போனது. மறு ஆண்டு மாநில அரசின் துறையும் அனுமதியை மறுத்துவிட்டது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். எட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குப் பாதுகாவலராக நின்ற வயதான கன்னியாஸ்திரீ ஒருவர். இவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சருக்கு எதிராகப் போட்ட ஷர்மா வழக்கில், 2021 மே மாதம் நீதிபதி பிராம்பெர்க், சுரங்க விரிவாக்கத்தை முடிவு செய்யும்போது பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமல் கவனமாக இருக்கும் கடமை அமைச்சருக்கு உண்டு என்றார். உலகமே பேசியது. 2022 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஒருமனதாக ரத்து செய்தது. காலநிலை அறிவியலை அவர்கள் மறுக்கவில்லை. ஆளுக்கொரு காரணம் சொல்லி, இப்படி ஒரு கடமை அமைச்சருக்கு இல்லை என்றார்கள். அதற்குள் அமைச்சர் விரிவாக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பாடமாகத் தோன்றுவது ஹன்டர் பள்ளத்தாக்கில் மஸல்புரூக் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் மவுன்ட் பிளசன்ட் சுரங்கம். 2048 வரை தோண்ட அதற்கு விரிவாக்கம் வேண்டும். ஒரே சுரங்கம், ஒரே நிலக்கரி, இரண்டு வழக்குகள். முதல் வழக்கு மத்தியச் சட்டத்தின் கீழ். இந்தச் சுரங்கத்தின் பங்கு மிகச் சிறியது, வேறு நிலக்கரி அந்த இடத்தை நிரப்பும் என்ற அமைச்சரின் அணுகுமுறை சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2024 மே மாதம் கூட்டாட்சி மேல்முறையீட்டு அமர்வு சொல்லிவிட்டது. இரண்டாவது வழக்கு மாநிலச் சட்டத்தின் கீழ். 2025 ஜூலை 24-இல் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலத் திட்ட ஆணையம் தந்த ஒப்புதலில் பிழை இருப்பதாகக் கண்டது. ஏற்றுமதியாகி எரியும் நிலக்கரி உட்பட எல்லாப் புகையும் சேர்ந்து அந்த வட்டாரத்தில் என்ன பாதிப்பைக் கொண்டுவரும் என்று ஆணையம் பார்க்கவில்லை என்பதே பிழை.

ஏன் இரண்டு பதில்? நீதிபதிகள் நல்லவர், கெட்டவர் என்பதால் வந்ததில்லை. 1999-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், பாதுகாக்கப்பட்ட குறிப்பிட்ட உயிர்களுக்கும் இடங்களுக்கும் இந்தச் சுரங்கம் எந்த அளவு காரணமாகிறது என்று அமைச்சரைக் கேட்கிறது. பதில் பெரும்பாலும் அமைச்சரின் மதிப்பீட்டில் விடப்பட்டிருக்கிறது. 1979-ஆம் ஆண்டு மாநிலத் திட்டச் சட்டமோ, வட்டாரத்தில் ஏற்படக்கூடிய பாதிப்புகளைப் பரிசீலிக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. ஜப்பானில் எரிந்தாலும் வெயில் மஸல்புரூக்கிலும்தானே ஏறும்? அந்த ஒரு வாசகம் போதுமானதாக இருந்தது. ஆகவே பொறுப்புக் கேட்பதில் பாதி வேலை, சட்டம் எழுதும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. அங்கே கோட்டைவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல வக்கீல் வைத்தாலும் சிரமம்.

அரசு கையெழுத்துப் போட்டதற்கு மட்டுமா, ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கும் கேட்கலாம். காட்டுத்தீயால் பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து, நியூ சவுத் வேல்ஸ் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் காலநிலைக்கென்று கொள்கையே வைத்திருக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். ஆணையத்தை நிர்வகிக்கும் 1991-ஆம் ஆண்டுச் சட்டமே சுற்றுச்சூழலைக் காக்கும் கொள்கைகளை வகுக்கச் சொல்கிறது. காலநிலை மாற்றம் அதில் சேராதா? சேரும் என்றார் அதே பிரெஸ்டன், 2021 ஆகஸ்டில். 2023 ஜனவரியில் ஆணையம் தன் காலநிலைக் கொள்கையை வெளியிட்டது. ஏறத்தாழ ஒரு வருஷம் ஐந்து மாதம் ஆனாலும் காகிதம் வந்தது.

மவுன்ட் பிளசன்ட் தீர்ப்புக்கு முந்தைய நாள், 2025 ஜூலை 23-இல், தி ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. வனுவாட்டு என்ற சின்னஞ்சிறு தீவு நாடு முன்னின்று ஐ.நா. பொதுச்சபை மூலம் கேட்க வைத்த கேள்விக்கான பதில் அது. காலநிலையைப் பாதுகாக்க உரிய நடவடிக்கை எடுக்காமல் நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றை உற்பத்தி செய்யவிடுவது, தேட உரிமம் தருவது, மானியம் கொடுப்பது இவையெல்லாம் ஒரு நாட்டின் சட்டமீறலாக ஆகலாம் என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. எரித்தவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண் தோண்ட உரிமம் தந்தவர் பக்கமும் திரும்பியது. ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடுத்த வழக்கில் யாராவது அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

சுரங்கத் தொழிலாளியின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஹன்டர் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக நிலக்கரிச் சம்பளத்தில் வீடு கட்டிய குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பார்த்து "புகைக்கு நீதான் பொறுப்பு" என்பது அநியாயம். இந்த வழக்குகள் எதுவும் அவர்களைக் கேட்கவில்லை. லாபம் பார்க்கும் நிறுவனத்தையும் அனுமதி தரும் மேசையையும்தான் கேட்டன.

நம் பக்கத்தில் 2024 மார்ச் 21-இல் இந்திய உச்ச நீதிமன்றம், கானமயில் பறவை பற்றிய ஒரு வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகளில் கண்டது. அதைக் கேட்டுப் பெற ஒரு சின்ன வழி ஏற்கெனவே இருக்கிறது. பெரிய நிலக்கரிச் சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ அனுமதி கேட்கும்போது, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் விளம்பரம் வரும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும், அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், அறிக்கையை வாங்கிப் புரட்டுங்கள். ஆண்டுக்கு எத்தனை டன் நிலக்கரி என்று ஒரு பக்கத்தில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்குங்கள். நம்மூர் நிலக்கரியில் சாம்பலும் பழுப்பு நிலக்கரியில் ஈரமும் கூடுதல் என்பதால் எண் கணிசமாகக் குறையும். பிறகு அந்த வாயு அறிக்கையில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் கூட்டத்தில் எழுந்து அதைக் கேளுங்கள், எழுத்திலும் கொடுங்கள். கேட்டது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும் என்பது விதி.